வயலுக்கும் சாலைக்கும் ஒரே பின்சக்கர டயர்: தேர்ந்தெடுக்கும் முறை

நம் நாட்டில் டிராக்டர் என்பது உழவுக்கு மட்டும் உரிய இயந்திரம் அன்று. காலையில் கரிசல் நிலத்தை உழும் அதே டிராக்டர், மாலையில் கரும்பு ஏற்றிய டிரெயிலரை ஆலைக்கு இழுத்துச் செல்கிறது. உழவுப் பருவம் முடிந்தபின் செங்கல், மணல், எரு, தானிய மூட்டை ஆகியவற்றைச் சுமந்து பல மாதங்கள் சாலையிலேயே ஓடுகிறது. மண்ணைக் கவ்வி இழுப்பதற்கு ஒருவகை டயரும், கெட்டியான சாலையில் தேயாமல் ஓடுவதற்கு வேறொரு வகை டயரும் ஏற்றவை. ஆயினும், பணிக்குத் தக்கவாறு பின்சக்கரங்களை மாற்றிக்கொள்ளும் வசதி பெரும்பாலான விவசாயிகட்கு இல்லை. ஒரு சோடி டயரே இரு பணிகளையும் ஆற்ற வேண்டியதாகிறது. அந்தச் சோடியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுத்தபின் எவ்வாறு பயன்படுத்துவது என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

களப்பணியாளர்கட்கு இது நாள்தோறும் எதிர்ப்படும் வினா. பிழையான டயரால் டீசல் வீணாகிறது, மண் இறுகுகிறது, சில வேளைகளில் உயிரிழப்பும் நேர்கிறது. ஆசிரியர்கட்கோ இது உராய்வு, அழுத்தம், எடை மாற்றம் ஆகிய பாடங்களை மாணவர் கண்ணால் கண்டறிந்த பொருளைக் கொண்டு விளக்குவதற்கு நல்லதொரு வாய்ப்பாகும்.

1. சிறு வரலாறு

தொடக்ககால டிராக்டர்கள் இரும்புச் சக்கரங்களைக் கொண்டிருந்தன. அவற்றின் விளிம்பில் பொருத்தப்பட்ட இரும்புப் பற்கள் மண்ணில் நன்கு பதிந்தன. ஆனால் சாலையைக் குத்திக் கிழித்தன. காற்றடைத்த ரப்பர் டயரை டிராக்டரில் பொருத்தும் முயற்சி அமெரிக்காவில் 1930-களின் தொடக்கத்தில் வெற்றி பெற்றது. அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1932-இல் தன் டிராக்டருக்கு ரப்பர் டயர்களைப் பொருத்தி விற்பனைக்குக் கொணர்ந்தது. ரப்பர் டயர் வயலுக்கு உதவாது என்ற ஐயம் அக்கால விவசாயிகளிடம் மிகுதியாக இருந்தது. அதனைப் போக்கும் பொருட்டு அந்நிறுவனம் பந்தயங்களையும் காட்சிகளையும் நடத்தியது. 1933-இல் பார்னி ஓல்டுபீல்டு என்னும் புகழ்பெற்ற பந்தய ஓட்டுநர், ரப்பர் டயர் பூண்ட டிராக்டரை மணிக்கு ஏறத்தாழ 64 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். வயலிலும் சாலையிலும் ஒரே சக்கரம் உழைக்கலாம் என்ற கருத்து இவ்வாறு வேரூன்றியது.

இந்தியாவில் டிராக்டர் உற்பத்தி 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கிற்று. டிராக்டர் பற்றிய பயிற்சிக்கென மத்தியப் பிரதேசத்திலுள்ள புத்னியில் 1955-இல் நிறுவப்பட்ட மைய அரசின் நிலையம், பின்னர் இயந்திரங்களைச் சோதிக்கும் பணியையும் மேற்கொண்டது. ஹிசார், ஆந்திராவில் கார்லதின்னே, அசாமில் பிஸ்வநாத் சாரியாலி ஆகிய இடங்களிலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன. இவை வெளியிடும் சோதனை அறிக்கைகளில் டயரின் அளவு, காற்றழுத்தம், இழுவிசை ஆகியன குறிக்கப்பெறுகின்றன. டயர் வாங்குமுன் தம் டிராக்டருக்குரிய அறிக்கையைப் பார்த்தல் நலம்.

2. பற்றுதிறன் எங்கிருந்து வருகிறது?

சாலையில் டயருக்கும் தளத்திற்கும் இடையேயுள்ள உராய்வே வண்டியை முன் தள்ளுகிறது. ரப்பர் தளத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அழுந்திப் பதிகிறது. எவ்வளவு ரப்பர் தளத்தைத் தொடுகிறதோ, அவ்வளவு நன்று. லக் எனப்படும் உயர்ந்த வரிமேடுகள் கொண்ட டயர் சாலையில் ஓடும்போது, அம்மேடுகளின் தலைப்பகுதி மட்டுமே தளத்தைத் தொடுகிறது. மேடுகளுக்கு இடையேயுள்ள பெரும்பகுதி வெற்றிடம். ஆதலின் தொடும் பரப்புக் குறைகிறது. தொடும் சிறு பரப்பின்மீது சுமை முழுவதும் விழுவதால் தேய்மானம் விரைவாகிறது.

வயலில் நிலைமை வேறு. அங்கு வழுக்குவது ரப்பர் மட்டும் அன்று. மண்ணே அறுபட்டு நகர்கிறது. வரிமேடுகள் மண்ணில் பதிந்து, இடையிலுள்ள மண்ணைப் பற்றிப் பின்னோக்கித் தள்ளுகின்றன. அம்மண் எவ்வளவு விசைக்கு அறுபடாமல் தாங்குகிறதோ அவ்வளவே டிராக்டரின் இழுவிசை. மண்ணின் இத்தாங்குதிறன் இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் கூட்டுப்பற்று. மற்றொன்று, துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று உராய்வதால் எழும் தடை. இதனைப் பின்வரும் எளிய சமன்பாட்டால் குறிக்கலாம்:

மிகுதியான இழுவிசை = (தொடும் பரப்பு × கூட்டுப்பற்று) + (சக்கரத்தின்மீதுள்ள எடை × உராய்வுக்கோணத்தின் டான்ஜென்ட்)

இச்சமன்பாட்டின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு டிராக்டரின் இரு பின்சக்கரங்களின்மீதுள்ள எடை 12 கிலோநியூட்டன் என்றும், அவை மண்ணைத் தொடும் மொத்தப் பரப்பு 0.24 சதுர மீட்டர் என்றும் கொள்க.

ஈரமான களிமண்ணின் கூட்டுப்பற்றுச் சதுர மீட்டருக்கு 20 கிலோநியூட்டன், உராய்வுக்கோணம் 10 பாகை எனின், இழுவிசை 4.8 + 2.1 = 6.9 கிலோநியூட்டன் ஆகும். இங்கு டயரின் தொடும் பரப்பை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் இழுவிசை ஏறத்தாழ 1 கிலோநியூட்டன் உயர்கிறது. எடையை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினாலோ 0.4 கிலோநியூட்டனே உயர்கிறது.

உலர்ந்த மணலில் கூட்டுப்பற்று இல்லை. உராய்வுக்கோணம் 30 பாகை எனக் கொள்க. அப்போதும் இழுவிசை 6.9 கிலோநியூட்டன்தான். ஆனால் இங்கு பரப்பைக் கூட்டுவதால் சமன்பாட்டின்படி ஆதாயம் ஒன்றுமில்லை. எடையை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 1.4 கிலோநியூட்டன் உயர்கிறது.

ஆகவே, விதர்ப்பத்தின் கரிசல் மண்ணில் அகன்ற டயரும் குறைந்த காற்றழுத்தமும் பயன் தரும். ராஜஸ்தானின் மணற்பாங்கான நிலத்தில் எடைச் சேர்ப்பே முதன்மையானது. அங்கு குறைந்த காற்றழுத்தத்தின் பயன், சக்கரம் புதையாமல் காப்பதேயாகும். ஓர் ஊருக்கு உகந்த டயர் மற்றோர் ஊருக்கு உகந்ததாகாமைக்குக் காரணம் இதுவே.

3. வழுக்கலும் டீசலும்

இழுவையின்போது சக்கரம் சிறிதேனும் வழுக்கியே தீரும். வழுக்கல் அறவே இல்லையெனின் டிராக்டரின் எடை மிகை என்பது பொருள்; அம்மிகை எடையைச் சுமப்பதிலேயே எரிபொருள் செலவாகும், மண்ணும் இறுகும். வழுக்கல் அளவு மீறினாலோ சக்கரம் வீணே சுழலும். இரண்டு சக்கர இயக்கமுடைய டிராக்டருக்கு வயலில் 10 முதல் 15 சதவீதம் வரை வழுக்கல் ஏற்கத்தக்கது.

வழுக்கலை அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. முறை வருமாறு:

(அ) பின்சக்கரத்தின் பக்கச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடிடுக.
(ஆ) கலப்பையை உயர்த்திய நிலையில், அதே வயலில், அதே கியரில் டிராக்டரை ஓட்டி, சக்கரம் 10 சுற்றுச் சுற்றும் தூரத்தை நாடாவால் அளந்து குறித்துக்கொள்க.
(இ) கலப்பையை வழக்கமான ஆழத்தில் இறக்கி உழுதுகொண்டே மீண்டும் 10 சுற்றுக்குரிய தூரத்தை அளக்க.
(ஈ) முதல் தூரத்திலிருந்து இரண்டாம் தூரத்தைக் கழித்து, முதல் தூரத்தால் வகுத்து, நூறால் பெருக்குக.

முதல் தூரம் 40 மீட்டர், இரண்டாம் தூரம் 34 மீட்டர் எனின் வழுக்கல் 15 சதவீதம். இரண்டாம் தூரம் 28 மீட்டர் எனின் 30 சதவீதம்.

வழுக்கல் 12 சதவீதமாக உள்ள டிராக்டர், சக்கரம் உருண்ட ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 88 மீட்டர் முன்னேறுகிறது. வழுக்கல் 30 சதவீதமாயின் 70 மீட்டரே முன்னேறுகிறது. அதே வயலை உழுது முடிக்கச் சக்கரம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அதிகமாகச் சுழல வேண்டும். எஞ்சின் அதே வேகத்தில் அதே சுமையைத் தாங்கி ஓடுவதால், காலமும் டீசலும் ஏறத்தாழ அதே விகிதத்தில் மிகுகின்றன. இந்த இழப்பு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வரிமேடு தேய்வதை விவசாயி ஒவ்வொரு நாளும் பார்க்கிறார். வழுக்கலால் கரையும் டீசலைப் பார்ப்பதில்லை. டயர் தேர்வில் நேரும் பிழைகளுள் பல இதிலிருந்தே பிறக்கின்றன.

சுவட்டைப் பார்த்தும் ஒருவாறு மதிப்பிடலாம். சக்கரம் சென்றபின் வரிமேடுகளின் அச்சு சிறிதும் சிதையாமல் தெளிவாக விழுந்திருப்பின் எடை மிகை. அச்சு முற்றிலும் அழிந்து மண் தேய்க்கப்பட்டிருப்பின் எடை போதாது. சுவட்டின் நடுப்பகுதி சற்றுச் சிதைந்தும் ஓரங்கள் தெளிவாகவும் இருப்பின் அதுவே உரிய நிலை.

4. டயர் வகைகள்

டிராக்டரின் பின்சக்கர டயர்கள், வரிமேட்டின் உயரத்தைக் கொண்டு வகைப்படுத்தப்பெறுகின்றன.

ஆர்-1 என்பது பொது உழவுக்குரியது. வரிமேடுகள் மையக்கோட்டிற்குச் சாய்வாக அமைந்து, நடுவில் கூர்முனை கொண்ட அம்பு வடிவத்தைத் தோற்றுவிக்கும். நம் நாட்டு டிராக்டர்களுள் மிகப் பெரும்பாலானவை இவ்வகையையே பூண்டுள்ளன.

ஆர்-2 என்பது ஆழ்ந்த சேற்றுக்குரியது. இதன் வரிமேடுகள் ஆர்-1 வகையினும் ஏறத்தாழ இரு மடங்கு உயரமானவை. சேற்றில் இதற்கு ஈடில்லை. சாலையிலோ உயர்ந்த மேடுகள் வளைந்து நெளிவதால் அதிர்வும் சூடும் தேய்மானமும் மிகும்.

இழுவைக்கென இந்தியச் சந்தையில் விற்கப்படும் தனிவகை டயர்களும் உள. இவற்றில் வரிமேடுகள் அகன்றும் நெருக்கமாகவும் அமைந்து, நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, தொடர்ச்சியான ரப்பர்ப் பட்டைபோல் இருக்கும். சாலையில் அதிர்வின்றி உருளும், மெதுவாகத் தேயும். ஆயின் வரிமேடுகளின் இடைவெளி குறுகியதாகையால், ஈரக் களிமண் அதில் அப்பிக்கொண்டு எளிதில் உதிராது. மண் அப்பிய டயர் வழவழப்பான உருளையை ஒத்தது.

ஆர்-3, ஆர்-4 ஆகியன முறையே புல்தரைக்கும், மண் அள்ளும் தொழில் இயந்திரங்கட்கும் உரியன. உழவுக்கு இவற்றைக் கருத வேண்டுவதில்லை.

டயரின் உட்கட்டும் இருவகைப்படும். குறுக்கிழை டயரில் நூலடுக்குகள் ஒன்றையொன்று சாய்வாகக் கடக்கும், பக்கச் சுவர் விறைப்பானது, கல்லும் முள்ளும் நிறைந்த இடத்தில் தாங்கும், விலை குறைவு. ரேடியல் டயரில் நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்பிற்கு நேராகச் செல்லும். பக்கச் சுவர் இளகி வளையும். ஆதலின் சுவடு நீண்டு அமையும், வழுக்கல் குறையும், சாலையிலும் சீராக ஓடும். இரு பணிகளையும் ஒன்றே ஆற்ற வேண்டுமெனின் ரேடியல் சிறந்ததே. ஆயின் விலை அதிகம். காற்றழுத்தத்தைத் தவறாது பேணாதவர் கையில் அதன் ஆதாயம் கிட்டாது.

பக்கச் சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கக் களப்பணியாளர் அறிந்திருத்தல் வேண்டும். 13.6-28 என்பதில் முதல் எண் டயரின் அகலத்தையும் இரண்டாம் எண் ரிம்மின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கும். இடைக்கோட்டிற்குப் பதிலாக ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்திருப்பின் அது ரேடியல். அடுத்து வரும் பி.ஆர். என்னும் குறி, தாங்கும் வலிமையைக் காட்டுவது. ஏ-6 என்பது மணிக்கு 30 கிலோமீட்டர், ஏ-8 என்பது மணிக்கு 40 கிலோமீட்டர் வேக வரம்பைக் குறிக்கும். அம்புக்குறி, டிராக்டர் முன்செல்லும்போது டயர் சுழல வேண்டிய திசையைக் காட்டும். அத்திசையில் பொருத்தினால் வரிமேட்டின் கூர்முனை முதலில் மண்ணைத் தொட, சேறு இருபுறமும் ஒதுங்கி உதிரும். திசை மாறிப் பொருத்தினால் சேறு நடுவே திரண்டு அடைத்துக்கொள்ளும்.

5. வேறொரு துறையிலிருந்து ஓர் ஒப்புமை

ஒரே பின்டயர் இரு பணிகளை ஆற்ற வேண்டும் என்னும் இவ்வினா டிராக்டருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர் நேர்தூரத்தை நின்ற நிலையிலிருந்து விரைந்து கடக்கும் டிராக் பந்தயம் நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. அதற்கான தேசிய சங்கம் 1951-இல் அமைக்கப்பட்டது. அலுவலகம் செல்லும் காரையே பந்தயத்திற்கும் கொணர்வோர் அங்குப் பலர். பந்தயத்திற்கு வேண்டியது மென்மையான ரப்பர், குறைந்த காற்றழுத்தம், வரிப்பள்ளம் அற்ற வழவழப்பான முகப்பு. அத்தகைய டயர் உலர்ந்த தளத்தில் ஒட்டிக்கொள்ளும். மழைநீர் தேங்கிய சாலையிலோ நீர் வெளியேற வழியின்றி மிதந்து வழுக்கும். மென்மையாதலின் விரைவில் தேயும். எனவே, சாலை விதிகட்கு உட்பட்டுச் சில வரிப்பள்ளங்கள் மட்டும் வெட்டப்பட்ட இடைநிலை டயரை அவர்கள் நாடுகின்றனர். பந்தயத் தளத்தில் காற்றைக் குறைத்தும், வீடு திரும்புமுன் மீண்டும் நிரப்பியும் ஓட்டுகின்றனர்.

காரும் டிராக்டரும் வேறாயினும் விதி ஒன்றே. முன்னோக்கிப் பாயும்போதும் சுமை இழுக்கும்போதும் எடை முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்திற்கு மாறுகிறது. பின்டயரே முழுப் பணியையும் தாங்குகிறது. ஒரு பணிக்கு மிகச் சிறந்தது மற்றதற்கு இடரானது. டயரின் அமைப்பால் தீர்க்க முடியாததைக் காற்றழுத்தத்தால் ஓரளவு தீர்க்கலாம்.

6. காற்றழுத்தமும் எடைச் சேர்ப்பும்

வயலுக்கும் சாலைக்கும் ஒரே டயர் என்ற நிலையில், விவசாயியின் கையிலுள்ள மலிவான கருவி காற்றழுத்தமே. பின்சக்கரத்திற்கு வயலில் பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு 0.8 முதல் 1.1 கிலோகிராம் வரையும், சாலை இழுவையில் 1.3 முதல் 1.6 கிலோகிராம் வரையும் வைத்துக்கொள்வது வழக்கம். டயரின் அளவையும் சுமையையும் பொறுத்து இது மாறுமாதலால், உற்பத்தியாளர் தரும் அட்டவணையே முடிவானது.

சாலை அழுத்தத்துடன் வயலில் இறங்கினால் டயர் விறைத்து நின்று, ஆழ்ந்த குறுகிய தடத்தை ஏற்படுத்தும். மேல்மண்ணின் இறுக்கம் பெரும்பாலும் டயரின் அழுத்தத்தையும், அடிமண்ணின் இறுக்கம் அச்சின்மீதுள்ள மொத்த எடையையும் சார்ந்தது. அடிமண் இறுகிவிட்டால் அதனைத் தளர்த்துவது அரிது. வேர் இறங்காது, நீர் வடியாது. மாறாக, வயல் அழுத்தத்துடன் பாரமேற்றிச் சாலையில் ஓடினால், பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக வளைந்து நிமிர்ந்து சூடேறும்; நூலடுக்குகள் பிரியும்; டயர் திடீரென வெடிக்கவும் கூடும். எனவே, குறைந்த அழுத்தத்தை அளக்கவல்ல ஓர் அளவியும் ஒரு காற்றுப் பம்பும் டிராக்டரோடு இருத்தல் வேண்டும். லாரிக்குரிய அளவி டிராக்டரின் குறைந்த அழுத்தத்தைச் செவ்வையாகக் காட்டாது.

எடைச் சேர்ப்பு இருவகை: சக்கரத்தில் பூட்டும் வார்ப்பிரும்புத் தட்டுகள், டியூபினுள் நிரப்பும் தண்ணீர். 13.6-28 டயரில் கொள்ளளவின் முக்கால் பங்கு நிரப்பினால் ஏறத்தாழ 200 லிட்டர் பிடிக்கும். அதாவது ஒவ்வொரு சக்கரத்திலும் 200 கிலோகிராம் எடை கூடும். தண்ணீர் மலிவானது, ஆயினும் வேண்டியபோது இறக்குவது கடினம். இரும்புத் தட்டுகளைப் பணிக்குத் தக்கவாறு கழற்றலாம். மேலும், தண்ணீர் நிரம்பிய டயரில் காற்றுக்குரிய இடம் குறைவாதலால், மேடுபள்ளத்தில் டயரின் நெகிழ்ச்சி குறைந்து அதிர்வு மிகும். சாலையில் மிகுதியாக ஓடும் டிராக்டருக்கு இரும்புத் தட்டுகளே ஏற்றவை.

7. எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில், ஓர் ஆண்டில் டிராக்டர் எத்தனை மணி வயலிலும் எத்தனை மணி சாலையிலும் ஓடுகிறது என்பதைக் கணக்கெடுக்க வேண்டும். பின்னர், வயற்பணி எத்தகையது என்று கேட்க வேண்டும். கொக்கிக் கலப்பையும் சட்டிக் கலப்பையும் டயரின் பிடிப்பையே நம்பி இழுக்கப்படுவன. ரோட்டவேட்டரோ எஞ்சினின் ஆற்றலைச் சுழல்தண்டின் வழியே நேராகப் பெற்று, சுழலும் கத்திகளால் டிராக்டரை முன்னோக்கித் தள்ளவும் செய்கிறது. ஆதலின் ரோட்டவேட்டரே முதன்மைக் கருவியாயின் உயர்ந்த வரிமேடு அத்துணை இன்றியமையாததன்று.

இவற்றைக் கருதிப் பின்வரும் வழிகாட்டியைக் கொள்ளலாம்:

— வயற்பணி மிகுதி, கலப்பை உழவு, கரிசல் அல்லது களிமண்: ஆர்-1 டயர், பொருந்துமெனின் ரேடியல்.
— சேற்றுழவு மிகுதி, இடையிடையே சாலை: ஆர்-1 டயரோடு, சேற்றில் மட்டும் பூட்டத்தக்க கேஜ் வீல் எனப்படும் கூண்டுச் சக்கரம். ஆர்-2 டயர், சாலையை அரிதாகவே தொடும் டிராக்டருக்கு மட்டும்.
— சாலை மிகுதி, வயலில் ரோட்டவேட்டர் அல்லது இலேசான வேலை: இழுவைக்குரிய தனிவகை டயர்.
— சாலையும் கலப்பை உழவும் ஏறத்தாழச் சமம்: ஆர்-1 டயர், காற்றழுத்த மாற்றம், கழற்றத்தக்க இரும்புத் தட்டுகள்.

கடைசி நிலையே பலருக்கும் ஐயம் தருவது. அதனைக் கணக்கிட்டுத் தெளியலாம். ஒரு டிராக்டர் ஆண்டுக்கு 300 மணி உழுகிறது, மணிக்கு 4 லிட்டர் டீசல் செலவாகிறது என்று கொள்க. ஆர்-1 டயரில் வழுக்கல் 12 சதவீதம். இழுவை டயரில் 18 சதவீதம். அதே உழவை முடிக்க இரண்டாவதற்கு 88-ஐ 82-ஆல் வகுத்த விகிதத்தில், அதாவது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் டீசல் வேண்டும். ஆண்டுக்கு 88 லிட்டர். ஆர்-1 டயர் நான்கு ஆண்டுகளும் இழுவை டயர் ஆறு ஆண்டுகளும் உழைக்குமெனின், பன்னிரண்டு ஆண்டுகளில் முன்னதற்கு மூன்று சோடியும் பின்னதற்கு இரண்டு சோடியும் தேவை. எனவே ஒரு சோடி டயரின் விலையை மிச்சப்படுத்த, ஏறத்தாழ 1,050 லிட்டர் டீசல் கூடுதலாகச் செலவாகிறது. இவ்விரண்டில் எது பெரிது என்பதை அவரவர் ஊர் விலையைக் கொண்டு ஒப்பிடுக. இங்குக் கொண்ட எண்கள் விளக்கத்திற்காகவே. வழுக்கலை முற்கூறிய முறையில் தம் வயலிலேயே அளந்து, டயரின் ஆயுளைத் தம் பழைய கணக்கிலிருந்து பெற்று, விவசாயி தாமே கணக்கிடுமாறு களப்பணியாளர் உதவுதல் வேண்டும்.

8. மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

இரு பின்டயர்களையும் சோடியாகவே மாற்றுக. ஒன்று புதிது, மற்றது தேய்ந்தது எனின் இரண்டின் விட்டமும் வேறுபட்டு, டிராக்டர் ஒருபுறம் இழுக்கும்; டிஃபரென்ஷியல் ஓயாது உழைத்துத் தேயும். நான்கு சக்கர இயக்கமுடைய டிராக்டரில் முன், பின் டயர்களின் சுற்றளவு குறித்த விகிதத்தில் பொருந்தியுள்ளது. பின்டயரின் அளவை மட்டும் மாற்றினால் பற்சக்கரங்கள் பழுதாகும். அளவில் பெரிய டயரைப் பொருத்தினால் வேகம் கூடும். ஆனால் அதே கியரில் கிடைக்கும் இழுவிசை குறையும்.

9. சாலையில் பாதுகாப்பு

வயலிலிருந்து சாலைக்கு ஏறுமுன் ஓட்டுநர் நான்கு செயல்களை மறவாது செய்தல் வேண்டும்.

முதலாவது, இடவலப் பிரேக் மிதிகளை இணைக்கும் கொக்கியைப் பூட்டுதல். வயலில் திரும்புவதற்கு ஒரு பக்கப் பிரேக் தனியே பயன்படுகிறது. சாலையில் விரைந்து செல்கையில் ஒரு மிதி மட்டும் அழுந்தினால் டிராக்டர் நொடியில் சுழன்று கவிழும்.

இரண்டாவது, டயரின் வரிமேடுகளில் அப்பிய சேற்றைக் களைதல். அது டயரின் பிடிப்பைக் கெடுப்பதோடு, சாலையில் உதிர்ந்து பின்வரும் இருசக்கர வண்டிகளை வழுக்கி வீழ்த்தும்.

மூன்றாவது, கூண்டுச் சக்கரங்களைக் கழற்றுதல். அவற்றோடு சாலையில் ஓடினால் தார்ச்சாலை சிதையும். ஊர்ப் பொதுச் சொத்து பாழாகும்.

நான்காவது, காற்றழுத்தத்தை உயர்த்துதல்.

மேலும் ஒன்று: இழுவைச் சுமையை டிராக்டரின் தாழ்ந்த இணைப்புப் புள்ளியிலேயே பூட்டுதல் வேண்டும். பின் அச்சிற்கு மேலே பூட்டினால் இழுக்கும்போது முன்சக்கரம் தரையை விட்டெழும். டிராக்டர் பின்னோக்கிப் புரண்டு ஓட்டுநரை நசுக்கும். எவ்வளவு சிறந்த டயராயினும் இவ்விபத்தைத் தடுக்க இயலாது. டயரின் பிடிப்பு நன்றாக இருக்குமளவு இவ்விடர் மிகும் என்பதையும் உணர்த்துக; ஏனெனில் வழுக்கும் டயர் வீணே சுழலும், வழுக்காத டயரோ டிராக்டரையே தூக்கும்.

10. ஆசிரியர்கட்கு ஒரு சோதனை

செங்கல் அளவுள்ள மரக்கட்டை ஒன்றின் அகன்ற முகத்திலும் குறுகிய முகத்திலும் பழைய சைக்கிள் டியூபை ஒட்டுக. சுருள்வில் தராசினால் அதனைக் கிடையாக இழுத்து, நகரத் தொடங்கும்போது காட்டும் அளவைக் குறிக்க. உலர்ந்த பலகை, நனைந்த பலகை, உலர்ந்த மணல், பிசைந்த களிமண் ஆகிய நான்கிலும் இதனைச் செய்க. பின்னர்க் கட்டையின்மேல் எடையை இரு மடங்காக்கியும், அகன்ற முகத்திற்குப் பதிலாகக் குறுகிய முகத்தைக் கீழே வைத்தும் மீண்டும் அளக்க. மணலில் எடையும், களிமண்ணில் பரப்பும் எவ்வாறு ஆட்சி செய்கின்றன என்பதை மாணவர் தாமே கண்டறிவர்.

பயிற்சி வினாக்கள்

1. சுமையின்றி 10 சுற்றில் 42 மீட்டரும், உழும்போது 10 சுற்றில் 35.7 மீட்டரும் சென்ற டிராக்டரின் வழுக்கல் எத்தனை சதவீதம்? அது ஏற்கத்தக்கதா?
2. மணற்பாங்கான நிலத்தில் இழுவிசையைக் கூட்ட அகன்ற டயரை வாங்குவதினும் எடையைச் சேர்ப்பது பயனுடையது ஏன்?
3. உம் பகுதியில் ஒரு டிராக்டரைத் தேர்ந்து, அதன் வயல், சாலை மணிக்கணக்கை எழுதி, அதற்கேற்ற பின்டயரைக் காரணங்களுடன் பரிந்துரைக்க.
4. காற்றழுத்தத்தை மாற்றாமலே வயலுக்கும் சாலைக்கும் ஓடும் டிராக்டரில் மண்ணுக்கும் டயருக்கும் நேரும் கேடுகள் யாவை?